மானத்திற்கு விலை தந்தவர் யார்?

கோட்டைக்குக் காவல் இரண்டு. ஒன்று மதில், மற்றொன்று கதை. மதில் இடிந்துவிடும். அகழி தூர்ந்துவிடும். இரும்பு முள் பதித்த வாயிற் கதவு துருவேறி விழுந்துவிடும். கதை மட்டும் கட்டுக் குலையாமல் நிற்கும். பீரங்கி அதனைத் தகர்ப்பதில்லை. கரையான் அதனை அரிப்பதில்லை. அதைக் காத்து நிற்கப் படையும் வேண்டியதில்லை. சொல்ல ஒரு வாயும், கேட்க நாலு செவியும் இருந்தாற் போதும். மன்னர் மறைந்து, மகுடம் மறைந்து, மக்களாட்சி மலர்ந்த பின்னரும் மலையுச்சியிலே ஆட்சி செலுத்திக் கொண்டிருப்பது அந்தக் கதைதான். சித்தூர்க் கோட்டை மீது ஒரு பகற்பொழுது முழுதும் ஏறி இறங்கிய நாங்கள் இதனைக் கண்கூடாகக் கண்டு வந்தோம்.

சித்தூர் என்றவுடன் ஆந்திரத்து ஊரை எண்ணிவிட வேண்டாம். நாம் குறிப்பது இராசத்தானத்தில் மேவார் நாட்டின் பழைய தலைநகராய் விளங்கிய சித்தூர். தமிழ்நாட்டிற்கு அப்பெயர் புதிதன்று. 1963-ஆம் ஆண்டில் சிவாஜி கணேசனும் வைஜெயந்திமாலாவும் நடித்து 'சித்தூர் ராணி பத்மினி' என்ற படமே வெளிவந்தது. அரசி அழகி, அண்டை நாட்டான் ஆசை கொண்டான், கணவன் களத்திலே மாண்டான், கற்புக்கரசி கனலிலே பாய்ந்தாள். எங்கள் பாட்டிமார் இதைக் கண்ணீர் மல்கச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் இருவர், தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் என மூவராக, அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அந்தக் கனல் எரிந்த இடத்தைக் காணப் புறப்பட்டோம்.

சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது குன்று. அதன் தலைமீது எழுநூறு ஏக்கர் அளவிற்குப் பரந்து கிடக்கிறது கோட்டை. அரண்மனைகளும் கோயில்களும் மட்டுமின்றி, இன்றும் மக்கள் வாழும் சிற்றூரே அதற்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் 84 நீர்நிலைகள் இருந்தனவாம். இப்பொழுது எஞ்சியவை 22. 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் இராசத்தானத்து மலைக்கோட்டைகள் ஆறினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, சித்தூரும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. பெருமை பொய்யன்று. பாறையைக் குடைந்து குளமாக்கியவரின் கைத்திறனுக்கும், மலைவிளிம்பையே மதிலாக வளைத்த கட்டடக் கலைஞரின் அறிவுக்கும் எவரும் தலைவணங்கத்தான் வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். முறுக்கு மீசை, முழங்கும் குரல். கோட்டைக்குள் உள்ள சிற்றூரிலேயே பிறந்தவர். ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசினார். ஆங்கிலம் எங்களுக்குப் புரிந்தது. இந்தியை அவர் கைகளே மொழிபெயர்த்தன. ஆசிரியர்கள் என்று அறிந்ததும் எங்களை "மாஸ்டர்ஜி" என்றும், ஆசிரியையைப் "பஹன்ஜி", அதாவது சகோதரி, என்றும் மரியாதையோடு அழைத்தார். கூலிக்குக் கதை ஒப்பிப்பவராக அவர் இல்லை. சொல்லும் ஒவ்வொரு சொல்லிலும் தோய்ந்து நின்றார். அவர்மீது எங்களுக்கு மதிப்பேயன்றி மனக்குறை ஏதுமில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

மலைமேல் ஏறும் பாதையில் வாயில்கள் ஏழு. வளைந்து வளைந்து ஏறும்போது இரண்டு நினைவு மண்டபங்களைக் காட்டினார். ஒன்று ஜெய்மலுக்கு, மற்றொன்று பத்தாவுக்கு. 1567 அக்டோபரில் அக்பர் இக்கோட்டையை முற்றுகையிட்டார். 1568 பிப்ரவரியில் கோட்டை வீழ்ந்தது. ஜெய்மல் குண்டடிபட்டு மாண்டார். இளைஞர் பத்தா இறுதி நாளில் போரிட்டு மடிந்தார். இவையெல்லாம் உணர்ச்சி பொங்க வந்தன.

"கோட்டைக்குள் எத்தனை பேர் இருந்தனர்?" என்று கேட்டோம்.

"எண்ணாயிரம் வீரர்கள், மாஸ்டர்ஜி!"

வீரர் எண்ணாயிரவர் என்பது சரியே. அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபஸலே தம் அக்பர் நாமாவில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் மற்றொரு கணக்கையும் எழுதியிருக்கிறார். வீரரோடு தோளோடு தோள் நின்றவர் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட உழவர். கோட்டை வீழ்ந்த நாளில் அக்பரின் ஆணைப்படி வெட்டி வீழ்த்தப்பட்டோர் ஏறக்குறைய முப்பதாயிரம். பாடநூல்கள் 'மகா அக்பர்' என்று போற்றும் பேரரசரின் வாள், ஏர் பிடித்த கைகளையும் அன்று விட்டு வைக்கவில்லை. வாயிலோரத்து மண்டபங்களிலே இரண்டு பெயர்கள் வாழ்கின்றன. அந்த முப்பதாயிரவருக்கு மண்டபம் எங்கே? பெயர்தான் எங்கே? ஒரு கல்லும் இல்லை. வழிகாட்டியின் வாயில் ஒரு சொல்லும் இல்லை.

"அரசர் எங்கே இருந்தார்?" என்று அடுத்துக் கேட்டோம்.

அரசர் இரண்டாம் உதயசிங். முற்றுகைக்கு முன்னரே கோட்டையை விட்டு மலைநாட்டிற்குச் சென்றுவிட்டார். "அரசர் பிழைத்தால்தானே நாடு பிழைக்கும்? அது போர்த் தந்திரம்" என்றார் வழிகாட்டி. ஒப்புக்கொண்டோம். தோல்வி உறுதியென்று தெரிந்தபின் உயிரைக் காத்துக் கொண்டு, வேறோரிடத்தில் வலிமை திரட்டுவது அறிவுடைமைதான். உதயசிங் அவ்வாறே வாழ்ந்து, 1572-இல்தான் மறைந்தார். அந்த அறிவுடைமையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், தோழர்களே! சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

கும்பா ராணாவின் அரண்மனை இடிபாடுகளுக்கு அழைத்துச் சென்றார். கூரையற்ற சுவர்களுக்கிடையே நிற்க வைத்துப் பன்னா என்ற செவிலித்தாயின் கதையைக் கூறினார். 1535-க்குப் பின் அரசுரிமையைக் கவர்ந்த பன்பீர், இளவரசனாயிருந்த இதே உதயசிங்கைக் கொல்ல வாளோடு வருகிறான். பன்னா இளவரசனைக் கூடையிலே வைத்து இலைகளால் மூடி, ஒரு பணியாளிடம் கொடுத்து வெளியேற்றுகிறாள். வெறுமையான தொட்டிலிலே தன் சொந்த மகனைக் கிடத்துகிறாள். கொலைகாரன் கேட்கிறான்; அவள் தொட்டிலைச் சுட்டுகிறாள்; அவள் கண்ணெதிரிலேயே குழந்தை துண்டாகிறது. மேவார் முழுதும் வழிவழியாக வழங்கும் கதை இது.

சொல்லி முடித்தபோது வழிகாட்டியின் கண்கள் கலங்கியிருந்தன. எங்கள் நெஞ்சும் கலங்கியது. "தியாகம்!" என்றார் அவர். தியாகந்தான். ஆனால் அந்தப் பிள்ளை யாருடைய தியாகம்? தாய் தந்தாள், தந்தது தன் உயிரையன்று. தொட்டிலில் உறங்கிய குழந்தைக்கு மேவாரும் தெரியாது, மகுடமும் தெரியாது. அரசன் மகன் உயிர் விலைமதிப்பற்றது, பணிப்பெண் மகன் உயிர் அதற்கு ஈடாகச் செலுத்தத்தக்க நாணயம் என்று ஒரு தாயின் உள்ளத்திலேயே எழுதி வைத்த சமுதாய அமைப்பு எத்தகையது! பன்னாவை நாம் பழிக்கவில்லை. பெற்ற வயிற்றையே அவ்வாறு பேச வைத்த முறையைத்தான் பழிக்கிறோம்.

அடுத்தது மீரா கோயில். கூர்ங்கோபுரம் கொண்ட அழகிய சிறு கோயில். அரச குடும்பத்து மருமகள் மீரா கண்ணன் மீது பாடினார்; கொல்ல நினைத்தோர் நஞ்சைக் கொடுத்தனர்; நஞ்சு அமுதமாயிற்று என்று வழிகாட்டி விவரித்தார். கோயில் முன்னே சிறு மண்டபம் ஒன்று. அதிலே பாதச் சுவடுகள். மீரா தம் குருவாகக் கொண்ட ரவிதாசருடையவை என்பது மரபு. ரவிதாசர் தோல் தொழில் செய்த குலத்தில் பிறந்தவர். அரண்மனைப் பெண் ஒருவர் செருப்புத் தைத்தவரைக் குருவென்று கொண்டாடினார் எனில், நஞ்சு அமுதமானதைக் காட்டிலும் அதுவன்றோ பெருவியப்பு? அற்புதத்தைப் பத்து நிமிடம் சொன்ன வழிகாட்டி, அந்த மண்டபத்தை அரை நிமிடத்தில் கடந்தார். ஆசிரியை மட்டும் அங்கே சற்று நின்று வந்தார்.

பின்னர் வெற்றித் தூண். ஒன்பது அடுக்கு, 37 மீட்டர் உயரம், உள்ளே 157 படிகள். மாளவத்து மகமூது கில்ஜியை வென்றதன் நினைவாகக் கும்பா ராணா எழுப்பி, 1448-இல் முடித்தது. இந்துக் கடவுளர் உருவங்களோடு அரபு எழுத்தில் 'அல்லா' என்ற பெயரும் உள்ளே செதுக்கப்பட்டிருக்கிறது. எங்களை மகிழ்வித்த செய்தி வேறொன்று. ஐந்தாம் அடுக்கிலே இத்தூணைக் கட்டிய சிற்பி ஜைதாவின் பெயரும், அவர் மக்களின் பெயர்களும், உருவங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. உளி பிடித்தவனுக்கும் கல்லிலே ஓர் இடம்! எத்தனையோ கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடினாலும் கிடைத்தற்கரியது இது. இதைப் பற்றிக் கேட்டபோது வழிகாட்டி மகிழ்ந்தார். "இதை யாரும் கேட்பதில்லை, மாஸ்டர்ஜி" என்றார்.

அந்தத் தூணுக்கு அருகேதான் நாங்கள் தேடி வந்த இடம். ஜௌஹர் நடந்த இடம் என்று காட்டப்படும் திடல். பசும்புல் வளர்த்து, பாத்தி கட்டி, பார்ப்பதற்குப் பூங்காபோல் இருக்கிறது. குழந்தைகள் ஓடி விளையாடினர். வழிகாட்டி தலைப்பாகையைச் சரிசெய்து கொண்டு நிமிர்ந்து நின்றார். குரல் தாழ்ந்தது, பின் உயர்ந்தது.

மூன்று முறை இங்கே பெண்கள் தீக்குளித்தனர் என்பது மரபு. 1303-இல் அலாவுதீன் கில்ஜி முற்றுகையிட்டபோது ஒரு முறை. 1535-இல் குசராத்தின் பகதூர் ஷா முற்றுகையிட்டபோது அரசி கர்ணாவதியின் தலைமையில் ஒரு முறை. 1568-இல் ஒரு முறை. 1535-இல் பதின்மூவாயிரம் பெண்கள் என்றார் அவர். 1568-இல் முந்நூறு பெண்கள் எரிந்தனர் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். எண்ணிக்கை எதுவாயினும் இருக்கட்டும். ஒருத்தி எரிந்தாலும் எரிந்தவள் ஒருத்திதானே! "மணப்பெண்கள்போல் ஆடையணிந்து, பாடிக் கொண்டே தீயில் இறங்கினர். மானமே பெரிதென்று இறங்கினர். உலகிலே இப்படியொரு மண் உண்டா?" என்று முழங்கினார். சுற்றி நின்ற வேறு பயணிகளும் கைகூப்பினர்.

அப்பொழுதுதான் எங்களோடு வந்த ஆசிரியை அமைதியாகக் கேட்டார்: "ஐயா, சற்று முன் நீங்கள் காட்டிய மீராவும் கணவரை இழந்தவர்தானே? அவர் ஏன் தீயில் இறங்கவில்லை?"

வழிகாட்டி எதிர்பார்க்கவில்லை. "அது பக்தி, பஹன்ஜி. அவர் கண்ணனையே கணவராகக் கொண்டவர்."

"காரணம் எதுவாயினும் ஆகட்டும். எரிய மாட்டேன் என்றார் அல்லவா? எரியாததால் அவர் மானம் போயிற்றா? நீங்களே கோயில் காட்டிக் கும்பிட வைத்தீர்களே!"

திடலிலே ஓர் அமைதி. ஆசிரியை மேலும் கேட்டார்: "இங்கே இறங்கியவர்களில் ஏழு வயதுச் சிறுமியரும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு மானம் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா? அவர்களிடம் யார் கேட்டார்கள்?"

வழிகாட்டி நெடுநேரம் புல்தரையையே பார்த்தார். பின்னர், முழங்கிய குரலை விட்டு, வீட்டுக் குரலிலே சொன்னார்: "எனக்கும் இரண்டு பெண்கள், பஹன்ஜி. கீழே கல்லூரியில் படிக்கிறார்கள். இந்தக் கதையை முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். வருகிறவர்கள் இதைக் கேட்கத்தான் வருகிறார்கள். அந்தச் சிறுமிகளைப் பற்றி என்னை யாரும் கேட்டதில்லை."

அவர் மீது குற்றமில்லை. கேட்காத கேள்விக்கு விடை எவர் சொல்வார்? கைகூப்பி நின்ற கூட்டம்தான், காலங்காலமாக, அவர் வாயில் அந்தக் கதையை வைத்திருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எரிந்த பெண்களை நாம் ஏளனம் செய்யவில்லை. வென்ற படை கோட்டைக்குள் நுழைந்தால் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். அடிமைத்தளையும் வன்கொடுமையும் ஒரு புறம், தீ மறுபுறம் என நிறுத்தப்பட்டவர்களின் துயரை நிழலிலே நின்று எடைபோட நாம் யார்? படையெடுத்தவனின் கொடுமைக்கு மன்னிப்பில்லை. நாம் கேட்பது அவர்களைப் பற்றிய கேள்வியன்று. அவர்கள் எரிந்ததைப் பெருமையாக்கியவர்களைப் பற்றிய கேள்வி.

உதயசிங்கின் அறிவுடைமையை நினைவிற் கொள்ளச் சொன்னோமே, இப்பொழுது எடுத்துக் கொள்ளுங்கள். தோல்வி நெருங்கும்போது அரசர் வெளியேறினால் அது தந்திரம். 1535-இல் கர்ணாவதி தம் புதல்வர் இருவரையும் பூந்திக்கு அனுப்பிக் காப்பாற்றினார்; அதுவும் தந்திரம். வாழ்ந்தால் மீண்டும் வெல்லலாம் என்ற அந்தத் தந்திரம் ஏன் பெண்களுக்கு இல்லை? ஆண் உயிரோடிருந்தால் நாட்டுக்கு நம்பிக்கை. பெண் உயிரோடிருந்தால் குலத்துக்கு இழுக்கு! மானம் என்ற பெட்டகத்தைப் பெண்ணின் உடலிலே பூட்டி வைத்துவிட்டு, பெட்டகத்தைக் காக்க இயலாதபோது கொளுத்திவிடு என்று கட்டளையிட்டது யார்? தம் வாளால் காக்க முடியாததைத் தீயால் காத்ததாகச் சொல்லிக் கொண்டவர் யார்? தோற்ற கோட்டைக்கு வெற்றிப் பாட்டு வேண்டியிருந்தது. அதற்கு விறகாயினர் பெண்கள்.

இறுதியாகப் பத்மினி அரண்மனை. குளத்து நடுவே வெண்மாளிகை. அங்கே அரசி அமர்ந்தாள், இங்கே சுல்தான் நின்றான், இடையே கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது என்று கை நீட்டிக் காட்டுகிறார்கள். மாளிகையோ 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. 1303-இல் அலாவுதீனோடு வந்த கவிஞர் அமீர் குசுரு முற்றுகையைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்மினி என்ற பெயர் அதில் இல்லை. மாலிக் முகமது ஜாயசி என்ற சூஃபிக் கவிஞர் 1540-இல் அவதி மொழியிலே பாடிய பத்மாவத் காவியத்தில்தான் அந்த அரசி முழு உருப்பெற்று வருகிறாள். முற்றுகைக்கும் காவியத்திற்கும் இடையே 237 ஆண்டுகள். அக்காவியத்தில் கிளி பேசுகிறது, தூது செல்கிறது. கிளி பேசியதைக் கற்பனை என்று சிரித்து ஏற்போர், கண்ணாடியில் முகம் தெரிந்ததை மட்டும் வரலாறென்று வாள் உருவுகின்றனர். கதையைக் காட்டுவதற்காக அரண்மனையில் வைத்திருந்த கண்ணாடிகளை 2017 மார்ச்சில் சிலர் உடைத்து நொறுக்கினர். காவியத்து அரசியின் மானத்திற்காக இத்தனை கொதிப்பு! இரத்தமும் சதையுமாக வாழ்ந்து எரிந்த பெயர் தெரியாப் பெண்களுக்காக ஒரு துளிக் கண்ணீர் சிந்தியவர் உண்டா?

இது பழங்கதைதானே, இன்றைக்கென்ன என்று கேட்கலாம். 1829-இலேயே பெண்டிங்கு பிரபு வங்காளத்தில் உடன்கட்டைக்குத் தடை விதித்தார். அதற்கு 158 ஆண்டுகள் கழித்து, 1987 செப்டம்பரில், இதே இராசத்தானத்தில், தேவராலா என்ற ஊரிலே பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி கணவன் சிதையில் எரிந்து போனாள். ஊர் திரண்டு வேடிக்கை பார்த்தது. பின்னர் அவ்விடத்தை வழிபடப் பெருங்கூட்டம் குவிந்தது. அதன் பின்னரே, உடன்கட்டையைப் புகழ்ந்து போற்றுவதும் குற்றம் என்று நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. புகழ்ச்சியும் குற்றம் என்று சட்டம் ஏன் சொன்னது? விறகை அடுக்குவது கை. ஆனால் கையை ஏவுவது கதை. "ஜௌஹர் வேறு, சதி வேறு" என்றார் எங்கள் வழிகாட்டி. நிகழ்ச்சி வேறுதான், போரிலே நேர்வது ஒன்று, சாவு வீட்டிலே நேர்வது மற்றொன்று. பெண் எரிந்தால் பெருமை என்னும் எண்ணம் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

வடநாட்டார் வழக்கமென்று நாம் தோளைத் தட்டிக் கொள்ளவும் இடமில்லை. செஞ்சிக் கோட்டைத் தேசிங்கு 1714-இல் மடிந்தபோது அவர் மனைவி உடன்கட்டை ஏறினார் என்பதும், இராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவர் நினைவாக வந்தது என்பதும் நம் நாட்டு வழக்கு. 1710-இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி மறைந்தபோது அவர் மனைவியர் 47 பேர் எரிந்ததை அக்காலத்துக் கிறித்தவப் பாதிரிமார் எழுதி வைத்துள்ளனர். தேசிங்கின் குதிரைக்குப் பாட்டு உண்டு நம்மிடம். அந்த நாற்பத்தேழு பெண்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எரித்த தீ இரண்டு நாட்டிலும் ஒரே சூட்டோடுதான் எரிந்தது.

மலையிலிருந்து இறங்கியபின் வழிகாட்டியிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம்: "காடியா லோகார் மக்களைப் பார்க்க வேண்டும்." அவர் வியந்தார், ஆயினும் அழைத்துச் சென்றார். சாலையோரத்திலே மரவண்டி ஒன்று. அதன் நிழலிலே உலை. ஆண் இடுக்கியால் இரும்பைப் பிடிக்க, பெண் சம்மட்டியை ஓங்கி ஓங்கி அடித்துக் கொண்டிருந்தார்.

யார் இவர்கள்? மேவார்ப் படைக்கு வாளும் வேலும் வடித்துக் கொடுத்த கொல்லரின் வழிவந்தவர்கள். 1568-இல் கோட்டை வீழ்ந்தபோது, அது மீளும் வரை கோட்டைக்குள் கால் வைப்பதில்லை, நிலையான வீட்டில் வாழ்வதில்லை, விளக்கேற்றுவதில்லை, கட்டிலிலே படுப்பதில்லை என்று இவர்தம் முன்னோர் சூளுரைத்தனர் என்பது இவர்கள் மரபு. அரசரோ உதயப்பூரிலே அரண்மனை கட்டிக் குடியேறினார். பின்வந்த அரசர்கள் ஏரிக்கரையிலே மாளிகை மேல் மாளிகை எழுப்பினர். கொல்லர் மட்டும் தலைமுறை தலைமுறையாக வண்டியிலே பிறந்து, வண்டியிலே வாழ்ந்து, வண்டியிலேயே மாண்டனர். 1955 ஏப்ரலில் நேரு முன்னின்று இவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று சூளுரையை முடித்து வைத்தார். 387 ஆண்டுகள்! விழாவுக்குப் பின்னரும் பலருக்கு வீடு வரவில்லை, பள்ளி வரவில்லை. ஆலையில் செய்த மலிவுப் பொருள் வந்து அவர்கள் தொழிலையும் அரித்தது.

வாள் வடித்தவன் தெருவிலே. வாள் பிடித்தவன் வரலாற்றிலே! மானம் காத்தவர் என்று பட்டியலிட்டால், அரசர் பெயர் முதலில் வருகிறது. அந்த மானத்திற்கு விலை தந்தவர் யார் என்று கணக்கெடுத்தால், பட்டியல் தலைகீழாகிறது. செவிலியின் மகன் தந்தான், உழவர் முப்பதாயிரவர் தந்தனர், பெண்கள் தந்தனர், கொல்லர் தந்தனர். புகழைப் பெற்றவர் வேறு. விலையைக் கொடுத்தவர் வேறு. சித்தூர்க் கோட்டை எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுதான்.

அந்தச் சம்மட்டிப் பெண்ணிடம் ஆசிரியை ஓர் இரும்புக் கரண்டி வாங்கினார். "உங்கள் முன்னோர் சூளுரை சரிதானா?" என்று வழிகாட்டி வழியாகக் கேட்டார். அப்பெண் சிரித்துக் கொண்டே சொன்னதை வழிகாட்டி மொழிபெயர்த்தார்: "அது அவர்கள் சொன்னது. என் மகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். அதற்கு முகவரி வேண்டும் என்கிறார்கள். வண்டிக்கு ஏது முகவரி?"

இதனினும் கூர்மையான வரலாற்று ஆராய்ச்சி எந்த ஏட்டில் இருக்கிறது?

மானம் வேண்டாம் என்பதா நம் கருத்து? இல்லவே இல்லை. மானத்திற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மானமும் அறிவும் மனிதனுக்கு அழகு என்று கேட்டு வளர்ந்த நாம் மானத்தை விட்டுவிட இயலாது. ஆனால் மானத்திற்கு உரைகல் ஒன்று வேண்டும். என் மானத்திற்காக நான் துன்புற்றால் அது தன்மானம். என் மானத்திற்காக மற்றொருவர் எரிய வேண்டுமென்றால் அது ஆதிக்கம். பெண்ணொருத்தி வேறு சாதியில் காதலித்தாள் என்பதற்காக, குடும்ப மானம் போயிற்றென்று பெற்றவரே வெட்டிச் சாய்க்கும் கொடுமை இன்றும் நம் தமிழ்நாட்டிலே நடக்கிறதே, அங்கே கத்தியைத் தூக்க வைப்பது எது? பெண்ணுடலிலே குலத்தின் மானத்தைப் பூட்டிய அதே பழைய பூட்டுத்தானே! 'கௌரவக் கொலை' என்று அதற்குப் பெயரும் சூட்டி, கொலைக்குக் கௌரவத்தையும் ஏற்றி விடுகிறோம். கோட்டை இடிந்து கிடக்கிறது. பூட்டு மட்டும் இன்னும் உடையவில்லை.

எனவே, இளைஞர்களே, ஆசிரிய நண்பர்களே! கோட்டைகளைக் காணச் செல்லுங்கள். மாணவரை அழைத்துச் செல்லுங்கள். செஞ்சியாயினும் வேலூராயினும் திருமயமாயினும், மலைமேல் ஏற்றிக் காட்டுங்கள். கல்லின் அழகைக் காட்டுங்கள்; கட்டியவனின் அறிவைக் காட்டுங்கள். வழிகாட்டி சொல்வதை மரியாதையோடு கேட்கச் சொல்லுங்கள். கேட்டு முடித்தபின் கேள்வி எழுப்பவும் சொல்லுங்கள். இதைக் கட்டியவர் யார்? நீர் சுமந்தவர் யார்? தோற்றபோது தப்பியவர் யார்? தப்ப வழியின்றி மாண்டவர் யார்? சொல்லப்படும் கதையை முதலில் எழுதியவர் யார், எத்தனை ஆண்டு கழித்து எழுதினார்? இந்த ஐந்து கேள்விகளும் கையிலிருந்தால், எந்தக் கோட்டையும் தன் கதவைத் திறந்தே தீரும்.

வகுப்பறையிலே ஒரு சிறுமி எழுந்து நின்று, "ஐயா, அவர்களிடம் யார் கேட்டார்கள்?" என்று வினவும் நாளே நமக்கு வெற்றி நாள். அந்தச் சிறுமிக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 'யாரும் கேட்கவில்லை அம்மா, இனி நாம் கேட்போம்' என்பதே அந்த விடை.